நாய்ப் பூங்கா எங்கிருந்து கெடத் தொடங்குகிறது? தவிர்க்க வேண்டிய தவறுகள்

காலை ஆறே முக்காலுக்கு எங்கள் தாமான், அதாவது குடியிருப்புப் பகுதி, நாய்ப் பூங்காவுக்குள் நுழைந்தால் முதல் அடியே சேற்றில்தான் விழும். திறந்த அன்று அதே இடத்தில் பச்சைப் புல் இருந்தது. தாண்டும் கம்பி, சுரங்கக் குழாய், ஏறி இறங்கும் பலகை எல்லாம் சிவப்பும் மஞ்சளுமாகப் புதுப் பெயின்ட் வாசத்தோடு நின்றன. எட்டே மாதத்தில் புல் போய்விட்டது. சாமான்கள் அப்படியே இருக்கின்றன. பெரும்பாலான நாய்கள் ஒரு தடவை மோந்து பார்த்ததோடு சரி.

என் கருப்பன் தெருவில் கிடைத்த நாட்டு நாய். அவனுக்கு வேண்டியது கயிறு இல்லாமல் ஓட இடம், முகர்ந்து பார்க்க மண், படுக்க நிழல். கோலாலம்பூரில் இந்த மூன்றும் ஒரே இடத்தில் கிடைப்பது அபூர்வம். நகரத்துப் பூங்காக்கள் பலவற்றின் வாசலிலேயே நாய் படத்தின் மேல் சிவப்புக் கோடு போட்ட பலகை இருக்கும். கேஎல்சிசி பூங்காவுக்குள் நாயைக் கொண்டு போக முடியாது. தேசா பார்க் சிட்டி மாதிரி ஒரு சில இடங்களில்தான் நாயோடு நிம்மதியாக நடக்கலாம். அதனால் ஒரு வட்டாரத்துக்கு நாய்ப் பூங்கா கிடைத்தால் அதைக் கெடவிடக் கூடாது என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. இரண்டு வருடமாக எங்கள் பூங்காவில் கோத்தோங் ரோயோங் என்கிற கூட்டு உழைப்பு செய்து, சிலதைச் சரிசெய்து, சிலதை நாங்களே கெடுத்துத் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன்.

மண்ணைப் பார்க்காமல் சாமான் வாங்குவது

எல்லாத் தவறுக்கும் தாய் இதுதான். கையில் கொஞ்சம் நிதி வந்ததும் கண்ணில் படுகிற பொருளை வாங்கிவிடுகிறோம். தரைக்கு ஒரு காசும் போவதில்லை. கோலாலம்பூரில் ஆண்டுக்கு 2,400 மில்லிமீட்டருக்கும் மேல் மழை. பிற்பகலில் கொட்டும், ஒரு மணி நேரத்தில் விட்டுவிடும், ஆறு மணிக்கு எல்லாரும் நாயோடு வந்துவிடுவோம். நனைந்த களிமண் மேல் முப்பது நாற்பது நாய் ஓடினால் மண்ணுக்குள் இருக்கும் காற்று இடைவெளி எல்லாம் அமுங்கி மூடிக்கொள்ளும். வேருக்கு மூச்சு இல்லை, தண்ணீருக்கு இறங்க வழி இல்லை. புல் சாகும். புல் இல்லாத இடத்தில் அடுத்த மழை மண்ணையே அரித்துக்கொண்டு போகும்.

எங்கள் பூங்காவில் புல் செத்ததற்கு நாய் மூத்திரம்தான் காரணம் என்று எல்லாரும் சொன்னோம். இரண்டு முறை புதுப்புல் வாங்கிப் பதித்தோம், இரண்டு முறையும் போனது. அப்புறம் ஒருநாள் மழை நின்று ஒரு மணி நேரம் கழித்து, தண்ணீர் தேங்கிய இடத்தில் எல்லாம் மூங்கில் குச்சி நட்டுப் பார்த்தேன். மொத்தம் ஏழு குச்சி. அதில் ஐந்து, வாசலுக்கும் கீழ்ப்பக்க வேலிக்கும் நடுவில் நின்றன. அந்த வேலியை ஒட்டித்தான் லோங்காங் என்கிற மழைநீர்க் கால்வாய் ஓடுகிறது. தண்ணீர் ஏன் அதில் இறங்கவில்லை? குனிந்து பார்த்தால் தண்ணீர் வடியும் ஓட்டைகள் எல்லாம் வெட்டிய புல்லால் அடைத்துக் கிடந்தன. புல் வெட்ட வருகிறவர்கள் இயந்திரத்தால் வெட்டிவிட்டு, காற்றடித்து ஓரமாக ஒதுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். மாதக்கணக்கில் அது ஊறி, கறுத்து, கம்பளம் மாதிரி படிந்திருந்தது. இரண்டு பேர் மண்வெட்டியோடு ஒரு காலைப் பொழுது வேலை செய்தோம். அடுத்த மழைக்கு நான்கு குச்சிகளைப் பிடுங்கிவிட்டேன்.

அதனால் முதல் வேலை தண்ணீர் எங்கே நிற்கிறது, ஏன் நிற்கிறது என்று பார்ப்பது. வாசலைச் சுற்றி நாய்கள் எப்போதும் கூடும், அங்கே எந்தப் புல்லும் தாங்காது. அந்த இடத்தைப் புல்லுக்கு விடாமல், பொடிக்கல் போட்டு நன்றாக இடித்து இறுக்கிவிட வேண்டும். மிச்ச இடத்தை நடுவில் ஒரு வேலி போட்டு இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைப் பயன்படுத்தும்போது மறுபாதியை ஆறு முதல் எட்டு வாரம் மூடி வைக்கலாம். இறுகிய மண்ணை முள்கரண்டி மாதிரியான தோட்டக் கருவியால் குத்திக் காற்றோட்டம் கொடுக்கலாம். புல் வாங்கினால் ஊரெல்லாம் இருக்கும் அகல இலை மாட்டுப்புல்லையே வாங்குங்கள். நைசான அழகுப் புல் நாய்க்கால் முன்னே ஒரு மாதம் நிற்காது.

இங்கே இரண்டு குறுக்கு வழிகளை அடிக்கடி சொல்வார்கள். ஒன்று, சேற்றின் மேல் மணல் கொட்டுவது. வடிகால் சரியில்லாத களிமண் மேல் மணல் போட்டால் கொஞ்ச நாளில் இரண்டும் கலந்து இன்னும் மோசமான சேறாகும். நிழலும் ஈரமும் உள்ள மணல் கொக்கிப்புழுவுக்கு ரொம்பப் பிடித்த இடம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று செயற்கைப் புல். நம் வெயிலில் அது கை வைக்க முடியாத சூடு ஏறும், மூத்திரம் அடியில் தங்கி நாறும். மரச்சில்லுகள் பரவாயில்லை, ஆனால் மழையில் மக்கிவிடும், அவ்வப்போது மாற்ற வேண்டும். கொக்கோ உமி மட்டும் வேண்டவே வேண்டாம். சாக்லெட்டில் நாய்க்கு விஷமாக இருக்கும் அதே தியோபுரோமின் அதிலும் இருக்கிறது, வாசனைக்கு நாய்கள் அதைத் தின்றும்விடும்.

ஒற்றைக் கதவு

இது ஒன்றுக்காகவே பூங்காவை ஒரு வாரம் மூடினாலும் தகும். வாசலில் இரண்டு கதவும், நடுவில் ஒரு நாயும் ஆளும் நிற்கிற அளவுக்குச் சின்னக் கூண்டும் வேண்டும். வெளிக்கதவைச் சாத்திவிட்டுக் கயிற்றைக் கழற்ற வேண்டும், பிறகுதான் உள்கதவைத் திறக்க வேண்டும். எங்களுக்கு முதலில் ஒரே கதவுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை யாரோ உள்ளே வரும்போது ஒரு சின்னப் பூடில் அவர் காலிடுக்கில் நழுவிச் சாலைக்கு ஓடிவிட்டது. லாரி ஓட்டுநர் பிரேக் அடித்ததால் பிழைத்தது. அந்த அக்கா நாயை மடியில் வைத்துக்கொண்டு சாலையோரத்தில் உட்கார்ந்து அழுததை என்னால் மறக்க முடியவில்லை.

தாழ்ப்பாளையும் கவனியுங்கள். இங்குள்ள ஈரத்தில் சாதாரண இரும்புத் தாழ் ஒரு வருடத்தில் துருப்பிடித்து, பொருந்தாமல் சும்மா தொட்டுக்கொண்டு நிற்கும். பார்ப்பதற்குச் சாத்திய மாதிரி இருக்கும், மூக்கால் தள்ளினால் திறந்துவிடும். வேலியின் அடியில் மண் அரித்து இடைவெளி விழுகிறதா என்று மழைக்காலத்தில் வாரம் ஒரு தடவை நடந்து பாருங்கள். பெரிய நாய்க்கும் சின்ன நாய்க்கும் தனித்தனி இடம் இருந்தால் பாதிச் சண்டை குறையும். மீதிப் பாதி, வாசலிலேயே நின்று பேசிக்கொண்டிருக்கும் நம்மால் வருவது. புதிதாக நுழைகிற நாயை பத்து நாய்கள் சுற்றிக்கொள்ளும்போது அது பயந்து கடிக்கிறது. உட்காரும் பெஞ்சை வாசலுக்குத் தூரமாகப் போட்டாலே ஆட்கள் அங்கே போய்விடுவார்கள், நாய்களும் பின்னாலேயே போகும்.

மலம் தானாக மக்கிவிடும் என்று நினைப்பது

மாட்டுச் சாணம் போல நாய் மலமும் உரம்தானே என்று ஒரு தாத்தா என்னிடம் கேட்டார். அவர் தோட்டத்தில் வளர்ந்தவர், அவருக்கு அது நியாயமான கேள்வி. மாடு புல் தின்கிறது, நாய் இறைச்சி தின்கிறது. நாய் மலத்தில் உருண்டைப்புழு, கொக்கிப்புழு முட்டைகள் இருக்கலாம். கொக்கிப்புழு முட்டை நம் சூட்டிலும் ஈரத்திலும் ஒரு வாரத்துக்குள் குஞ்சுப் புழுவாகி, வெறுங்காலோடு நடக்கிறவர் தோலுக்குள்ளேயே நுழையும். உருண்டைப்புழு முட்டை தொற்றும் நிலைக்கு வர இரண்டிலிருந்து நான்கு வாரம் எடுக்கும். அப்படியானால் அன்றன்றைக்கே அள்ளிவிட்டால் பெரும்பகுதி ஆபத்து அன்றோடு முடிகிறது. தண்ணீர் பீய்ச்சி லோங்காங்கில் தள்ளுவது அள்ளுவது ஆகாது. அது நேராக ஆற்றுக்குத்தான் போகும்.

குப்பைத் தொட்டி வைத்தால் மட்டும் போதாது. மூடி இல்லாத தொட்டியில் மழைத் தண்ணீர் நிரம்பும், காகமும் குரங்கும் பையைக் கிழித்து இழுத்துப் போடும். இறுகும் மூடி வேண்டும், தினமும் காலி செய்ய ஆள் வேண்டும். பை மாட்டும் பெட்டி காலியாக இருந்தால் நல்லவர்கூட அள்ளாமல் போய்விடுவார். எங்களில் ஐந்து குடும்பம் முறை வைத்து மளிகைக்கடைப் பைகளைக் கொண்டுவந்து நிரப்புகிறோம், பெரிய செலவு ஒன்றும் இல்லை.

இதோடு சேர்ந்தது, தெரு நாய்க்கு என்று பூங்காவுக்குள் சோறு கொட்டிவிட்டுப் போவது. செய்கிறவர்கள் மனம் நல்ல மனம். ஆனால் சோறு கிடக்கும் இடத்துக்கு இரவில் எலி வரும், எலி மூத்திரத்தோடு லெப்டோஸ்பைரோசிஸ் என்கிற எலிக்காய்ச்சல் வரும். அது நாய்க்கும் வரும், மனிதருக்கும் வரும். சேற்றுக் குட்டையில் அந்தக் கிருமி வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். வெளியே ஓர் இடத்தில் தட்டில் வைத்து, தின்று முடித்ததும் தட்டை எடுத்துவிடச் சொல்லுங்கள். பெரும்பாலும் கேட்டுக்கொள்வார்கள்.

பொதுத் தண்ணீர்க் கிண்ணம்

குழாயடியில் யாரோ விட்டுப்போன கிண்ணத்தில் எல்லா நாயும் குடிப்பதைப் பார்த்தால் அழகாகத்தான் இருக்கும். இருமல் நோய் பரவ அதுவே போதும். அப்புறம் டெங்கி. கிண்ணத்தில் தேங்கிய தண்ணீரில் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். கிண்ணத்தை அவரவர் கொண்டுவரட்டும். பூங்காவில் குழாயும், தண்ணீர் உடனே வடிகிற சிமென்ட் தரையும் இருந்தால் சரி.

மருந்து தெளித்தால் சுத்தம் என்ற நம்பிக்கை

ஒரு நாய்க்குட்டி பார்வோ என்கிற கிருமி நோய் வந்து இறந்தது என்று செய்தி பரவியதும், எங்கள் ஆட்கள் புல்வெளி முழுக்கக் குளோரோக்ஸ் பிளீச் ஊற்றினார்கள். பதற்றம் புரிகிறது. ஆனால் ஒரு பங்குக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்த பிளீச் பார்வோவைக் கொல்வது கழுவிய சிமென்ட், இரும்பு போன்ற கெட்டியான பரப்பில்தான். மண்ணும் மலமும் கலந்த இடத்தில் அதன் சக்தி போய்விடும், புல்தான் கருகும். பார்வோ கிருமி நிழலான மண்ணில் மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். தடுப்பூசிதான் வழி. குட்டிக்குப் பதினாறு வாரம் தாண்டி, தடுப்பூசி வரிசை முடிந்து, மருத்துவர் சரி என்ற பிறகு பூங்காவுக்குக் கொண்டுவாருங்கள். கைக்குழந்தை மாதிரி இருக்கும் குட்டியைப் பழகட்டும் என்று கீழே இறக்கிவிடுகிறவர்களைப் பார்த்தால் நான் போய்ச் சொல்லிவிடுவேன். சிலர் கோபப்படுவார்கள். பரவாயில்லை.

உண்ணிக்கும் அதே கதை. நம் நாய்களுக்குக் காய்ச்சல் கொடுக்கும் பழுப்பு உண்ணி புல்லைவிடச் சுவர் விரிசல், பலகை இடுக்கு, நாய்க்கூண்டு ஓரங்களில்தான் ஒளிந்து முட்டையிடும். புல்வெளிக்கு வாரா வாரம் மருந்தடிப்பதைவிட, பெஞ்சு இடுக்குகளைக் கவனித்து, ஒவ்வொருவரும் தன் நாய்க்கு மாதம் தவறாமல் உண்ணி மருந்து கொடுப்பது பலன் தரும்.

விஷச் செடி

அழகுக்கு என்று நட்டுவிடுகிற இரண்டு செடிகளைப் பூங்காவுக்குள் விடவே விடாதீர்கள். அரளி முழுக்க விஷம். சைகஸ் என்கிற குட்டைப் பனை மாதிரியான செடியின் கொட்டை நாயின் ஈரலைக் கெடுத்துக் கொன்றுவிடும். அதையோ எல்லா அடுக்குமாடி வாசலிலும் வைக்கிறார்கள். நிழல் மரம் வளரப் பல வருடம் ஆகும், அதுவரை ஒரு மூலையில் வலைப்பந்தல் போடுங்கள்.

அக்கம்பக்கத்தாரைக் கேட்காமல் தொடங்குவது

நம் ஊரில் இதைத் தாண்டி நாய்ப் பூங்கா நிலைக்காது. நாயின் எச்சிலோ ஈரமோ பட்டால் ஏழு முறை, அதில் ஒரு முறை மண் கலந்த தண்ணீரால், கழுவ வேண்டும் என்பது இங்குள்ள முஸ்லிம் அண்டை வீட்டாரின் வழக்கம். தொழுகைக்குப் போகிற வழியில் அவிழ்த்துவிட்ட நாய் ஓடிவந்து காலை நக்கினால் அவருக்கு எவ்வளவு சங்கடம் என்று யோசித்துப் பாருங்கள். எங்கள் பூங்காவின் முதல் வாசல், சுராவ் என்கிற சின்னத் தொழுகை இல்லத்துக்குப் போகும் நடைபாதையில் திறந்தது. யாரையும் கேட்காமலே வைத்திருந்தார்கள். புகார் மேல் புகார் போனது. பூங்காவையே மூடச் சொல்லிக் கையெழுத்து வாங்குகிறார்கள் என்று கேள்விப்பட்ட பிறகுதான் நாங்கள் நாலு பேர் ஒரு மாலை அவர்கள் வீடுகளுக்குப் போனோம்.

தேநீர் கொடுத்து உட்கார வைத்தார்கள். ஒரு பெரியவர், எல்லாரும் பாக்சிக் என்று கூப்பிடுகிறவர், நாய் இருப்பதில் தனக்குக் குறை இல்லை, வாசல்தான் இடம் மாற வேண்டும் என்றார். அவ்வளவுதான் அவர்கள் கேட்டது. வாசலைக் கார் நிறுத்தும் பக்கம் மாற்றினோம். இரட்டைக் கதவும் அப்போதுதான் வந்தது. காரிலிருந்து உள்கதவு வரை கயிறு கழற்றக் கூடாது என்று மலாய், சீனம், தமிழ் மூன்றிலும் பெரிய எழுத்தில், படத்தோடு ஒரே ஒரு பலகை வைத்தோம். முன்பு இருந்த பலகையில் இருபது விதிகள் பொடி எழுத்தில் இருந்தன, ஒருவரும் படித்ததில்லை. நாயின் உரிமத்தை வருடா வருடம் புதுப்பித்துக் கழுத்தில் வில்லை மாட்டுவதையும் எங்களுக்குள் கட்டாயமாக்கினோம். ஓடிப்போன நாயை யாருடையது என்று கண்டுபிடிக்க அது உதவுகிறது.

போன வாரம் மழைக்குப் பிறகு கருப்பனை அவிழ்க்கப் போனேன். வேலிக்கு அந்தப் பக்கம் பேத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்துபோன பாக்சிக் நின்று, வெளிக்கதவைக் காட்டி, “டிக், பிந்து தாக் ராப்பாட்” என்றார். கதவு சரியாகப் பொருந்தவில்லை. திரும்பிப் போய்ப் பார்த்தேன். தாழ் அரை விரல்கடை வெளியே நின்றது. தூக்கி உள்ளே தள்ளிய பிறகுதான் கயிற்றைக் கழற்றினேன்.