உப்புக்கு வரி இல்லை, கணக்கு உண்டு

1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தது உப்பு வரியை எதிர்த்து. இன்று உப்புக்கு ஜிஎஸ்டி கிடையாது. ஆனால் மளிகைக் கடைக்காரர்கள் பலர் தடுக்கி விழுவதே அந்த உப்பு மூட்டையில்தான்.

சரக்கு மட்டும் விற்கும் கடையின் ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு வேண்டும். "வரி உள்ள சரக்கு 15 லட்சத்துக்குத்தான் ஓடுகிறது, எனக்கு எதற்குப் பதிவு?" என்று கேட்பவர்கள் உண்டு. உப்பு, காய்கறி, சில்லறையாக நிறுத்துப் போடும் அரிசி, பருப்பு ஆகியவற்றுக்கு வரி இல்லை; இருந்தும் 40 லட்சத்தைக் கூட்டும்போது இவையும் சேரும். அரிசி, உப்பு வகையில் 27 லட்சம், சோப்பு, பிஸ்கட் வகையில் 15 லட்சம் என்றால் மொத்தம் 42. பதிவு கட்டாயம், வரி என்னவோ அந்த 15 லட்சத்துக்குத்தான். காய்கறி மட்டுமே விற்பவர் இரண்டு கோடிக்கு விற்றாலும் பதிவு தேவையில்லை. பக்கத்தில் நாலு சோப்புக் கட்டிகளை அடுக்கினாரோ, கதை மாறிவிடும். இது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆனாலும் சட்டம் அப்படித்தான் இருக்கிறது. ஒரே பான் எண்ணில் இரண்டு கடைகள் இருந்தால் இரண்டின் விற்பனையையும் கூட்ட வேண்டும்.

2025 ஜூலையில் கர்நாடக வணிகவரித் துறை, யுபிஐ வரவுகளைப் பார்த்துச் சிறு வியாபாரிகளுக்கு நோட்டீஸ் அனுப்பியது. ஹாவேரியில் ஒரு காய்கறி வியாபாரிக்கு வந்த நோட்டீஸில் கேட்டிருந்த தொகை 29 லட்சம் ரூபாய். பெங்களூரில் பல கடைகள் க்யூஆர் அட்டையைக் கழற்றிவிட்டு 'ரொக்கம் மட்டும்' என்று எழுதி ஒட்டின. பயத்தில் செய்த தவறு அது. வரி விற்பனைக்கே ஒழிய, பணம் வந்த வழிக்கு அல்ல. மைத்துனர் திருப்பித் தந்த கைமாற்று, சீட்டு எடுத்த பணம் எல்லாம் கடைக் கணக்கிலேயே விழுந்தால், வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அத்தனையும் விற்பனைதான். கடைக்கென்று தனி வங்கிக் கணக்கு வையுங்கள். வரியில்லாச் சரக்கின் கொள்முதல் பில்களைக் குப்பையில் போடாதீர்கள். கையில் இருக்கும் ஆதாரமே அதுதான்.

விற்பனை ஒன்றரைக் கோடிக்குள் இருந்தால், விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் சேரலாம். வியாபாரிக்கு வரி 1 சதவீதம். அதை வாடிக்கையாளரின் பில்லில் ஏற்றக் கூடாது, கொள்முதலில் கட்டிய வரியையும் கழிக்க முடியாது. ஓசூர்க் கடைக்காரர் மாநில எல்லை தாண்டிப் பெங்களூருக்குச் சரக்கு விற்பவரென்றால் இந்தத் திட்டம் அவருக்கு ஆகாது.

சிறு பட்டறை வைத்திருப்பவர்களின் சிக்கல் வேறு: விற்ற சரக்குக்குப் பணம் வருவதில்லை. இதற்குக் கைகொடுப்பது குறு, சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு; அது இலவசம். அதற்குக் காசு கேட்கும் இணையதளங்களிடம் ஏமாறாதீர்கள். பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தியாளருக்கு, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் பணம் தர 45 நாளைத் தாண்டிக் கெடு வைக்க முடியாது. ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள்தான். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் 'வங்கி விகிதம்' என்ற வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டுவட்டி. வாங்கியவர் அந்தத் தொகையைக் கொடுக்கும்வரை தன் வருமான வரிக் கணக்கில் செலவாகவும் காட்ட முடியாது. ஆகவே பில்லின் தலைப்பிலேயே உத்யம் எண்ணை அச்சிட்டுவிடுங்கள். சரக்கு வாங்கும் முதலாளி கவனிக்காவிட்டாலும் அவருடைய ஆடிட்டர் கவனிப்பார்.