ஜிபிஎஸ் கோட்டில் மேன்டிலின் அசைவைக் காண்பது எப்படி

பூமியின் மேலோட்டுக்குக் கீழுள்ள பாறை அடுக்கான மேன்டிலின் அசைவைக் காண, சிங்கப்பூர் ஜூரோங்கில் என் டியூஷன் பிள்ளைகளுக்கு நான் காட்டும் வழி இது. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஜிபிஎஸ் நிலையமான ‘என்டியுஎஸ்’-இன் தினசரிப் பதிவை நெவாடா புவியளவியல் ஆய்வகத்தின் தளத்தில் இலவசமாக எடுக்கலாம். கிழக்கு-மேற்கு நகர்வை மட்டும் வரையுங்கள். 2004 டிசம்பர் 26-க்கு முந்தைய சாய்வை, அதாவது நிலம் சீராக நகர்ந்த வேகத்தை, முழுக் கோட்டிலிருந்தும் கழியுங்கள். அவசரம் வேண்டாம்; சாய்வு பிசகினால் எல்லாமே பிசகும்.

அன்று கோட்டில் தெரியும் திடீர்த் தாவல் சுமத்ரா நிலநடுக்கம். 2005 மார்ச் 28-இல் நியாஸ் நிலநடுக்கம். அதையும் தனியே பிரியுங்கள். அப்புறம் மிஞ்சும் வளைவுதான் விஷயமே. அதில் இரண்டு கலந்திருக்கும். நிலநடுக்கம் உண்டான பிளவுத்தளம் தொடர்ந்து வழுக்குவது சீக்கிரம் தணியும். மேல் மேன்டிலின் சூடான பாறையோ, உருகாமலே, கெட்டித் தேன்போல ஆண்டுக்கணக்கில் ஒழுகும்.

தாய்லாந்தின் புக்கெட்டையும் வரைந்து பாருங்கள்: நிலநடுக்கத்தில் நகர்ந்தது சுமார் 27 செ.மீ.; பின்னர் மெல்ல நகர்ந்தது அதையும் மிஞ்சியது.