முருங்கையிலைப் பொடியின் நிறத்தைக் கெடுக்கும் தவறுகள்

நாகர்கோவில் பக்கத்தில் முருங்கையிலைப் பொடித் தொழிலைப் புதிதாகத் தொடங்கும் பெண்கள் ஆலோசனை கேட்டு என்னிடம் வரும்போது, மொட்டை மாடி வெயிலில் இலை பரப்பிய படத்தைத்தான் முதலில் பெருமையாகக் காட்டுகிறார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படிப் பரப்பியவள்தான். இலையைக் கழுவுவதும் காம்பு நீக்குவதும் எல்லோருக்கும் தெரியும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

வெயிலில் உலர்த்துவது

இலையில் முக்கால் பங்கு நீர்தான் என்பதால், நான் முதலில் வாங்கிய 40 கிலோ இலைக்குப் பத்து கிலோ பொடிகூடத் தேறவில்லை; தேறியதும் வைக்கோல் நிறத்தில் இருந்தது. கடைக்காரர் உள்ளங்கையில் கொட்டிப் பார்த்து, “பழைய சரக்கு” என்று திருப்பிவிட்டார். முந்தின நாள் அரைத்த பொடி அது!

பச்சைய மூலக்கூறின் நடுவில் மெக்னீசியம் இருக்கிறது. இலை வாடி அதன் செல்கள் சிதையும்போது வெளிப்படும் அமிலம் அந்த மெக்னீசியத்தை நீக்குவதால் பச்சை மங்கிப் பழுப்பேறுகிறது, வெயிலோ மிச்சத்தை வெளுக்கச் செய்கிறது. பச்சைக்கு அடியில் மறைந்திருக்கும் பீட்டா கரோட்டின் என்ற நிறமியிலிருந்துதான் நம் உடல் வைட்டமின் ஏ-யை உருவாக்கிக்கொள்கிறது. ஒளியும் ஆக்சிஜனும் அதன் நீண்ட கார்பன் சங்கிலியை அறுத்துவிட்டால் நிறத்தோடு சத்தும் போய்விடும்.

இரண்டு பருவமழையும் பெய்யும் நம் மாவட்டத்தில் நிழலில் கிடக்கும் இலை பூஞ்சை பிடித்துவிடுமோ என்ற அச்சம் நியாயமானதே. அதற்கு, இலையை மெல்லிய அடுக்காகப் பரப்பி, காற்றோட்டமான அறையில் மின்விசிறியின் கீழ் நொறுங்கும் பதம் வரும்வரை உலர்த்த வேண்டும். அடைமழையில் உலர்த்தும் இயந்திரத்தை 50 டிகிரிக்கு மேல் போகாமல் வைத்துக்கொள்ளலாம். இத்தனையும் சொன்ன பிறகு, “கடைசியில் ஒரு மணி நேரம் மட்டும் வெயில் காட்டலாமா அக்கா?” என்று கேட்பவர்களிடம் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது.

கண்ணாடிப் புட்டி

அழகுதான், ஆனால் ஒளி புகும்.

ஆப்பச் சோடா

இலையை வெந்நீரில் முக்கும்போது சிட்டிகை சோடா சேர்த்தால் பச்சை நிற்கும் என்பது உண்மையே. ஆனால் அந்தக் காரத்தன்மை வைட்டமின் சி-யையும் தயமின் என்ற வைட்டமின் பி1-ஐயும் அழிப்பதால், மிஞ்சுவது பச்சையாகத் தெரியும் சத்துக் குறைந்த பொடி.

வெறும் வெந்நீரில் கலக்கச் சொல்வது

கரோட்டின் கொழுப்பில் கரையும் பொருள்; உணவில் எண்ணெய் இல்லாவிட்டால் குடல் அதில் சிறிதளவையே ஈர்த்துக்கொள்ளும். நம் வீட்டுத் துவரனில், அதாவது பொரியலில், தேங்காய்த் துருவலும் தேங்காயெண்ணெயும் அந்த வேலையைக் கேட்காமலே செய்துவிடுகின்றன. ஆகவே என் பொட்டலத்தில், தோசை மாவில் கலந்து எண்ணெய் விட்டுச் சுடும்படி அச்சிட்டிருக்கிறேன்.