சென்னை வெயிலில் குட்டி நீல டாரன்டுலா வளர்ப்பது எப்படி

பிரேசிலின் மினாஸ் ஜெரைஸ் மாநிலத்து டோலிகொதெலே டயமன்டினென்சிஸ், கால் விரித்தால் 8–9 செ.மீ. தாண்டாத டாரன்டுலா, அதாவது உடலெங்கும் முடியுள்ள சிலந்தி வகை. கால்கள் உலோக நீலத்தில் மின்னும், வயிற்றில் செம்முடி. இதன் ஊரான டயமன்டினா 1,200 மீட்டருக்கு மேலுள்ள மலைப்பகுதி. வெப்ப விளக்கு, ஹீட்டிங் பேட் எல்லாம் குளிர்நாட்டுக்காரர்களின் கவலை. நம் பாடு சூட்டைத் தணிப்பதுதான்.

முதலில் சட்டம். நம் மரச் சிலந்திகளான பொயிசிலோதீரியா இனம் 2019 முதல் சைட்டிஸ் (அரிய உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்) பட்டியலில் இருக்கிறது. மெக்சிகோவின் பிராக்கிபெல்மா டாரன்டுலாக்கள் அதற்கு முன்பிருந்தே அதில் உண்டு. பட்டியலில் உள்ள அயல்நாட்டு உயிரினத்தை வைத்திருந்தால் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். காட்டில் பிடித்ததை யார் கொடுத்தாலும் தொடாதீர்கள். வளர்ப்பில் பிறந்தது என்பதற்கு எழுத்தில் ஆதாரமும் பில்லும் கேளுங்கள்.

வளர்ந்ததற்கு நீளம், அகலம், உயரம் மூன்றும் 20 செ.மீ. உள்ள அக்ரிலிக் பெட்டி போதும். எதிரெதிர்ப் பக்கங்களில் 2 மி.மீ. துளைகள், பக்கத்துக்குக் குறைந்தது இருபது போடுங்கள். மூடியில் மட்டும் துளையிட்டால் காற்று நகராது, உள்ளே புழுக்கம்தான். உரம் கலக்காத கோகோபீட்டை (தேங்காய் நார்த்தூள்) ஊறவைத்து, கையில் இறுக்கினால் சொட்டாத பதத்தில் 8–10 செ.மீ. நிரப்புங்கள். சாய்த்து வைத்த மரப்பட்டை, சில குச்சிகள், பாட்டில் மூடியில் தண்ணீர். இது வலை நிறையக் கட்டும் சாதி, குச்சி இல்லாவிட்டால் வலைக்குப் பிடிமானம் இருக்காது. குஞ்சு என்றால் 100 மி.லி. டப்பா, 1 மி.மீ. துளை. பெரிய பெட்டியில் விட்டால் இரையைக் கண்டுபிடிக்கச் சிரமப்படலாம்.

ஒரு மூலையில் மட்டும் வாரம் ஒருமுறை தண்ணீர் ஊற்றுங்கள். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் அதுவும் வேண்டாம், தண்ணீர் மூடி போதும். ஸ்ப்ரே அடித்துக்கொண்டே இருந்தால் பூஞ்சையும் மைட் எனும் நுண்ணிய உண்ணியும் வரும். கத்திரி வெயிலில் மொட்டைமாடிக்கு நேர் கீழுள்ள அறையும் மேற்குச் சுவரும் ஆகாது. பெட்டியைத் தரையோடு ஒட்டிய அலமாரித் தட்டுக்கு இறக்குங்கள், ஒரு தெர்மாமீட்டரையும் பக்கத்தில் வையுங்கள். 33 டிகிரியைத் தாண்டினால் இடத்தை மாற்றியே ஆகவேண்டும்.

இதைவிடப் பெரிய எமன் கொசுவத்தி. கொசு லிக்விட், கரப்பான் ஸ்ப்ரே, எறும்பு சாக்பீஸ் எல்லாமே பூச்சிக்கொல்லி, சிலந்தியின் நரம்பையும் அது விடாது. அந்த அறையில் கொசுவலை மட்டும். தெருவில் மாநகராட்சி புகை வண்டி சத்தம் கேட்டதும் ஜன்னலைச் சாத்துங்கள். எறும்புக்குப் பெட்டியைத் தண்ணீர்த் தட்டின் நடுவே கல்மேல் வைத்து, தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் லிக்விட் விடுங்கள், எறும்பு மிதக்காமல் மூழ்கும். மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றாவிட்டால் கொசுப்புழு வளர்த்த பெயர் நமக்கு வரும்.

இரைக்கு, கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் மீல்வோர்ம் (ஒருவகை வண்டின் புழு) விசாரியுங்கள். வீட்டுக் கரப்பான் விஷம் தின்றிருக்கலாம், வேண்டாம். இரை, சிலந்தியின் வயிற்றைவிடச் சின்னதாக இருக்கட்டும். குஞ்சுக்கு 4–5 நாளுக்கு ஒருமுறை, வளர்ந்ததற்கு 10 நாளுக்கு ஒருமுறை. மீல்வோர்மின் தலையை நசுக்கிப் போடுங்கள். இல்லாவிட்டால் மண்ணுக்குள் புகுந்து, தோலுரிக்கும் சிலந்தியைக் கடிக்கும். 24 மணி நேரத்தில் தொடாத இரையை எடுத்துவிடுங்கள்.

சாப்பிட மறுத்து, வயிறு கறுத்துப் பளபளத்தால் தோலுரிக்கப் போகிறது. மல்லாந்து கிடக்கும். செத்ததென்று தூக்கிப் போட்டவர்கள் உண்டு! சாகும் சிலந்தி கால்களை அடியில் சுருட்டிக் குப்புறக் கிடக்கும். உரித்தபின் பல் வெள்ளையாக, மெத்தென்று இருக்கும். அது கறுக்கும்வரை, குஞ்சுக்கு ஒரு வாரம், பெரியதற்கு இரண்டு வாரம், இரை போடாதீர்கள்.

கையில் எடுக்கும் சிலந்தி அல்ல இது, மின்னல் வேகம். பெட்டி மாற்றும்போது பெரிய பிளாஸ்டிக் டப்புக்குள் வைத்துத் திறந்து, பெயின்ட் பிரஷ்ஷால் பின்காலை மெல்லத் தொட்டு டம்ளருக்குள் ஓட்டுங்கள். அதற்கு முன் ஃபேனை நிறுத்திவிட்டு, கதவிடுக்கில் துணி அடைத்துவிடுங்கள்.