சார்ஜ் மட்டும் ஏற்றிய கேபிள்

ட்ரோனை இயக்கும் கன்ட்ரோலரின் விளக்கு பச்சையாக நிலைத்து நின்றபோதும், மொபைல் செயலியில் ‘ட்ரோன் இணைக்கப்படவில்லை’ என்ற வரி மட்டும் இரண்டு நாட்களாக மாறவே இல்லை. ட்ரோனும் கன்ட்ரோலரும் சரியாக இணைந்திருப்பதை அந்த விளக்கே காட்டியதால், கோளாறு கன்ட்ரோலருக்கும் மொபைலுக்கும் இடையில்தான் என்று அப்போதே ஊகித்திருக்க வேண்டும். நானோ செயலியை அழித்து மீண்டும் நிறுவிப் பொழுதைப் போக்கினேன்.

கடைசியில், கன்ட்ரோலரையும் மொபைலையும் இணைத்திருந்த அதே கேபிளால் மொபைலைக் கணினியுடன் இணைத்தபோது சார்ஜ் ஏறியதே தவிர, கோப்புகளைப் பரிமாறலாமா என்ற வழக்கமான கேள்வி திரையில் எழவில்லை. பார்வைக்கு எந்த வேறுபாடும் தெரியாத அந்தக் கேபிளில் தரவுக் கம்பிகளே இல்லை. தரவு கடத்தும் வேறொரு கேபிளைச் செருகி, யு.எஸ்.பி. அனுமதியை ஏற்றவுடன் கேமராக் காட்சி வந்தது.