புறாத்தீவில் கால் ஊன்றாமல் மிதப்பது எப்படி

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் பல்கனியை நாறடிக்கும் புறாக்களுக்குக் காட்டுச் சொந்தங்கள் உண்டு. அவற்றைப் பார்க்கத் திருகோணமலைக்குப் பக்கத்திலுள்ள நிலாவெளிக்குப் போக வேண்டும். கரையிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் தள்ளி, பெரியதும் சிறியதுமாக இரண்டு பாறைத் தீவுகள், அதுதான் புறாத்தீவு. ஆள் குடியில்லை. 1963இல் சரணாலயம், 2003இல் தேசிய பூங்கா.

மே முதல் செப்டெம்பர் வரையான காலமே சரி. கொழும்பில் சோளகம் என்ற தென்மேற்குப் பருவக்காற்று மழையைக் கொட்டும்போது கிழக்குக் கடல் அடங்கிக் கிடக்கும். வாடை என்ற வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் கொந்தளிக்கும். கொழும்புக் கோட்டை நிலையத்தில் இரவு ரயில் ஏறினால் விடியும்போது திருகோணமலை, அங்கிருந்து பஸ். போயா எனும் பௌர்ணமி விடுமுறையில் போகாதீர்கள், தீவு நல்லூர்த் திருவிழாவாகிவிடும். அடையாள அட்டையை மறக்க வேண்டாம். வெளிநாட்டவருக்குக் கட்டணம் மிக அதிகம்.

இனித்தான் முக்கியமான விடயம். தீவைச் சுற்றி முழங்கால் ஆழத்திலேயே முருகைக்கல், அதாவது பவளப்பாறை, தொடங்குகிறது. பார்ப்பதற்குக் கல், உண்மையில் உயிர். உருண்டைப் பாறைபோல வளரும் வகை ஆண்டுக்கு ஒரு சென்ரிமீற்றர் அளவே வளரும். முதல்முறை போனபோது கண்ணாடிக்குள் தண்ணீர் புக, நான் பதறி எழுந்து நின்றேன். செருப்புக்கடியில் பப்படம் நொறுங்கியதுபோல ஒரு சத்தம். முழங்காலிலும் வெட்டு. காயம் இரண்டு வாரத்தில் ஆறியது. நான் முறித்த, மான்கொம்புபோலக் கிளைக்கும் முருகைக்கு அது போதாது.

ஆகவே கொழும்பிலேயே ஏதாவது நீச்சல் தடாகத்தில் பழகுங்கள். கண்ணாடியும் மூச்சுக்குழாயும் மாட்டி, முகம் கவிழ்த்து, கையை அசைக்காமல் பத்து நிமிடம் மிதக்க வேண்டும். கண்ணாடிக்குள் தண்ணீர் வந்தால் மேல் விளிம்பை அழுத்தி மூக்கால் ஊதுங்கள், வெளியேறிவிடும். தீவில் மணல் தெரியும் இடத்தில் மட்டும் இறங்குங்கள். நீச்சல் தெரிந்தாலும் உயிர்காப்பு அங்கி போடுங்கள்; களைத்தவர்தான் கால் ஊன்றுவார். வெயிலுக்குக் களிம்பு பூசாமல் நீளக்கைச் சட்டை போடுங்கள், சில களிம்புகள் முருகைக்கல்லுக்கு நஞ்சு. துடுப்பு நுனி கறுத்த சிறு சுறாக்கள் வரும். துரத்தாதவரை அவை உங்களைப் பொருட்படுத்தமாட்டா.

புறாக்களுக்குப் பொறுமை வேண்டும். பாறை இடுக்குகளில் கூடு கட்டும். சாம்பல் உடல், சிறகில் இரண்டு கறுப்புக் கோடுகள், எங்கள் பல்கனிப் புறாக்களின் அதே முகம்.

கரையெல்லாம் உடைந்த முருகைத் துண்டுகள் கிடக்கும். அவற்றையும் எடுக்கக் கூடாது. என் மச்சாள் கைப்பையில் ஒன்றை ஒளித்து வைத்திருந்தாள். படகு புறப்படுமுன் இறங்கிப் போய் வைத்துவிட்டு வரச் சொன்னேன். வெள்ளவத்தை வந்து சேரும்வரை என்னோடு பேசவில்லை.