தொரங் லா கடக்கும் நாளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நேபாளத்தின் அன்னபூர்ணா சுற்றுப்பாதையில் பெரும்பாலானோருக்குத் தொரங் லா கணவாயைக் கடக்கும் நாளே மிகக் கடினமானது. தொரங் பேடியில் ஏறத்தாழ 4,500 மீட்டர் உயரத்திலிருந்து இருட்டிலேயே புறப்பட்டு, 5,416 மீட்டர் வரை ஏறி, மறுபுறம் 1,600 மீட்டர் இறங்கி முக்திநாத்தை அடைய வேண்டும். புதுக் காலணியோடு வருவது, தேவையற்றதையெல்லாம் பையில் அடைப்பது போன்றவற்றைப் பலரும் சொல்லிவிட்டார்கள். நான் அழைத்துச் செல்லும் குழுக்களில், எச்சரித்த பின்னும் தவறாமல் திரும்ப நிகழ்பவற்றை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

எல்லாவற்றையும் அணிந்துகொண்டு புறப்படுவது

அதிகாலை நான்கு மணிக்கு விடுதிக் கதவைத் திறந்ததும் முகத்தில் அறையும் குளிரைக் கண்டு, புதியவர்கள் கையிலிருக்கும் அத்தனை உடைகளையும், அவற்றுக்கு மேல் தடித்த டவுன் ஜாக்கெட்டையும் அணிந்துகொள்கிறார்கள். பேடியிலிருந்து, அதற்கு மேலேயுள்ள தங்குமிடமான ஹை கேம்ப் வரையிலான பாதையோ செங்குத்தானது. சிறிது நேரத்திலேயே உடல் கொதித்து வியர்க்கத் தொடங்கும். ஆனால் வரிசையை நிறுத்தத் தயங்கி, ஒருவரும் ஜாக்கெட்டைக் கழற்றுவதில்லை. டவுன் என்பது பறவையின் மென்தூவி. தூவிகளுக்கிடையே தங்கும் காற்றுதான் கதகதப்பைத் தருகிறது. வியர்வை ஊறினால், நனைந்த இலவம்பஞ்சுத் தலையணையைப் போல அது கட்டிதட்டிப் பயனற்றுப் போகும். ஹை கேம்ப்புக்கு மேலே சரிவு தணிந்து, மூச்சு முட்டி நடை மெதுவாகி, காற்றும் வீசத் தொடங்கும்போது, உடம்போடு ஒட்டியிருப்பது ஈரத் துணி மட்டுமே.

ஒருமுறை, மாரத்தான் ஓடும் இளைஞர் ஒருவர், ஜாக்கெட்டைக் கழற்றுமாறு நான் திரும்பத் திரும்பச் சொல்லியும் "பரவாயில்லை சார்" என்றே பதிலளித்து வந்தார். கணவாயில் இருக்கும் சிறிய தேநீர்க் கடையை அடைந்தபோது, அவரால் பையின் கொக்கியைக்கூட விடுவிக்க முடியவில்லை. கோப்பையை வேறொருவர் பிடிக்க, அவர் குடித்தார். ஈர உடைகளை மாற்றி, மற்றவர்களின் உலர்ந்த உடைகளைப் போட்டுவிட்டு, ஒரு புகைப்படம்கூட எடுக்காமல் குழு முழுவதும் அவரோடு விரைந்து இறங்கியது. மாலையில் அவர் சொன்னதுதான் இன்றளவும் எனக்கு எரிச்சலூட்டுகிறது: "அடுத்த முறை இன்னும் தடித்த ஜாக்கெட் வாங்கணும் சார்."

புறப்படும்போது சற்றே குளிர வேண்டும். அதுவே சரியான அளவு. உள்ளே பருத்தியல்லாத மெல்லிய சட்டை, அதற்கு மேல் ஃபிளீஸ் என்னும் மெத்தென்ற செயற்கை இழைச் சட்டை, காற்றடித்தால் காற்றைத் தடுக்கும் மேலுறை ஆகியவை நடப்பதற்குப் போதும். டவுன் ஜாக்கெட்டைப் பையின் மேற்பகுதியில் வைத்து, நின்றவுடன் அணிந்து, நடக்கத் தொடங்கும்போது கழற்றிவிடுங்கள். இதற்காக ஐந்து முறை நிற்க நேர்ந்தாலும் உடன் வருபவர்கள் காத்திருக்கட்டும்.

உறிஞ்சுகுழாயை நம்புவது

முதுகுப் பைக்குள் நீர்ப்பை வைத்து, அதிலிருந்து வரும் குழாயை உறிஞ்சிக் குடித்தபடியே பலர் நடக்கிறார்கள். நீர்ப்பையிலுள்ள நீருக்கு முன்பே குழாயிலுள்ள நீர் உறைந்துவிடும். அன்று மட்டும் அகன்ற வாய்ப் புட்டியில் வெந்நீர் நிரப்பி, தலைகீழாகச் செருகுங்கள். பனிக்கட்டி மேற்புறத்தில் முதலில் உருவாவதால் மூடி அடைபடாது.

கால் நகம்

முன்னதாகவே வெட்டிவிடுங்கள்.

வானிலையோடு பந்தயம் கட்டுவது

2014 அக்டோபரில் விசாகப்பட்டினத்தில் கரையைக் கடந்த ஹுத்ஹுத் புயலின் எச்சம் இரண்டே நாளில் இங்கே பனிப்புயலாக மாறியது. நேபாளத்தின் இம்மலைப் பகுதியில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். வங்கக் கடலில் புயல் என்ற செய்தி வந்தால், விமானச் சீட்டின் தேதியை மறந்துவிட்டுப் பேடியிலோ அதற்குக் கீழேயோ தங்குங்கள்.

கணவாயோடு நாள் முடிந்ததாக நினைப்பது

உச்சியில் பிரார்த்தனைக் கொடிகளுக்கு நடுவே கொண்டாடி, மீதமிருந்த தின்பண்டங்களையெல்லாம் தீர்த்துவிட்ட பிறகுதான் முழங்காலைச் சோதிக்கும் இறக்கம் தொடங்குகிறது. உணவில் பாதியை அதற்கென ஒதுக்குங்கள்; ஊன்றுகோல்களைச் சற்று நீட்டிக்கொள்ளுங்கள். முற்பகல் கடந்தால் காற்று வலுக்கும் என்பதால் உச்சியில் நெடுநேரம் நிற்காதீர்கள். திருமங்கையாழ்வார் பாடிய சாளக்கிராமத் திவ்யதேசமாகக் கருதப்படும் முக்திநாத்தின் 108 நீர்த்தாரைகளில் அன்று மாலையே நீராட ஓடுபவர்களும் உண்டு. களைத்த உடம்போடு அந்தப் பனிநீருக்குள் போகாமல், உண்டு உறங்கி, மறுநாள் வெயில் ஏறிய பிறகு செல்லலாம்.